பழைய லென்ஸும் புதிய கேமராவும்
(சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



"ரிட்டயர் ஆகி என்னப்பா பண்றே?" என்று காலையிலிருந்து பத்துப் பேராவது கேட்டுவிட்டீர்கள். பழைய லென்ஸ்களை டிஜிட்டல் கேமராவில் மாட்டிக்கொண்டிருக்கிறேன். அதைப் பற்றியே பேசும்படி செயலாளர் பணித்திருக்கிறார்.

நம் செட் நண்பர் ஒருவர் சென்ற ஆண்டு ஒரு லென்ஸைக் கொண்டுவந்தார். ஜூப்பிட்டர்-8, 50 மி.மீ., எஃப் 2. மாஸ்கோவுக்கு அருகே கிராஸ்னகோர்ஸ்க் தொழிற்சாலையில் செய்தது. நெய்வேலி அனல்மின் நிலையம் சோவியத் உதவியோடு எழுந்த காலத்தில், அங்கே வேலை பார்த்த அவர் தந்தையார் ஒரு ரஷ்ய எஞ்சினியரிடமிருந்து ஜோர்க்கி கேமராவோடு வாங்கியது. கேமரா போய்விட்டது, தந்தையாரும் இல்லை. "எங்க வீட்டு ஆல்பம் முழுக்க இந்தக் கண்ணு பார்த்ததுதாம்பா. பேத்தியையும் இதுல ஒரு படம் எடுக்கணும்" என்றார். கடைக்காரர் ஒருவர் லென்ஸின் பின்பக்கத்தை அரத்தால் ராவித் தருகிறேன் என்றாராம். ராவினால் ராவியதுதான், திரும்ப ஒட்ட முடியாது. நல்லவேளை, கொடுக்கவில்லை.

என்னிடம் இருப்பது லைக்கா எம் வகை டிஜிட்டல் கேமரா. பழைய லைக்காவில் லென்ஸைத் திருகித்தான் மாட்டுவார்கள்; 39 மி.மீ. மரை. லென்ஸ் உட்காரும் இடத்திலிருந்து ஃபிலிம் வரை 28.8 மி.மீ. 1954-ல் எம்3 கேமராவோடு புது மவுண்ட் வந்தபோது அதை 27.8 ஆக்கினார்கள். ஆகவே 1 மி.மீ. கனத்தில் ஒரு வளையம் போட்டால் திருகு லென்ஸ் தன் பழைய தூரத்திலேயே உட்காரும். அந்த வளையம்தான் அடாப்டர். வாங்கும்போது 50 மி.மீ. லென்ஸுக்கு உரியதா என்று கேட்டு வாங்குங்கள். ஜன்னலில் தெரியும் கட்டம் அதைப் பொறுத்தது.

"அவ்வளவுதானே, மாட்டினா முடிஞ்சுது!" என்பீர்கள். இல்லை. ரேஞ்ச்ஃபைண்டரில் நாம் லென்ஸ் வழியாகப் பார்ப்பதில்லை. லென்ஸின் பின்விளிம்பு கேமராவுக்குள் ஒரு சிறு உருளையைத் தள்ளும். ஜன்னலில் இரண்டு பிம்பங்கள் ஒன்றாகும். லைக்காவில் அந்தக் கணக்கு 51.6 மி.மீ. குவியத் தொலைவுக்குப் போட்டது. ஜூப்பிட்டரோ, காண்டாக்ஸ் கேமராவுக்காக லுட்விக் பெர்ட்டெலே வடிவமைத்த ஸோனாரின் வாரிசு, அதற்கு 52.4. சார் போர்டில் எழுதிப்போட்ட லென்ஸ் சமன்பாட்டைப் போட்டுப் பாருங்கள். 1 மீட்டரில் உள்ள முகத்துக்கு லென்ஸ் 2.9 மி.மீ. முன்னே வரவேண்டும்; கேமரா 2.8 போதும் என்கிறது. இந்த 0.1 மி.மீ.யில் ஃபோகஸ் சுமார் 3 செ.மீ. பின்னே போகும். கண்ணுக்கு வைத்தால் காது தெளிவாக விழும்!

ஒரு செய்தித்தாளைச் சாய்வாக ஒட்டி, நடு வரிக்கு ஃபோகஸ் செய்து, எஃப் 2-ல் எடுத்தேன். பின்வரிதான் தெளிவாக இருந்தது. கண்ணாடித் தொகுதி உட்காரும் இடத்தில் ஷிம் என்ற மெல்லிய வளையம் உண்டு. அதோடு 0.1 மி.மீ. கூட்டினேன், ஜெராக்ஸ் தாளின் கனம்தான். நடு வரி பளிச்சென்று வந்தது. இதற்கு விலையும் உண்டு: வெகுதூரக் காட்சி கொஞ்சம் மங்கும். எஃப் 8-க்குக் குறைத்தால் சரியாகிவிடும். வேண்டாமென்றால் அந்த வளையத்தை எடுத்துவிடலாம். லென்ஸ் பழையபடியே இருக்கும். திரையில் பார்த்தே ஃபோகஸ் செய்யும் புது மாடல் வைத்திருப்பவர்களுக்கு இதுவும் தேவையில்லை, அடாப்டர் போதும்.

பேத்தியின் படம் நண்பரின் பர்ஸில் இருக்கிறது. கேட்டால் காட்டுவார், கேட்காவிட்டாலும் காட்டுவார்.

நண்பர்களே, உங்கள் வீட்டு டிரங்குப் பெட்டியிலும் இப்படி ஒன்று தூங்கலாம். தோல் உறையில் மூடி வைக்காதீர்கள். நம் ஊர் ஈரத்துக்குப் பூஞ்சை பிடிக்கும். சிலிக்கா ஜெல் போட்டு வையுங்கள், அவ்வப்போது வெளியே எடுங்கள். அரம் மட்டும் வேண்டாம்.