ஒரே எண், வேறு குணம்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



எனக்குக் கொடுத்த தலைப்பு லாஜிக் ஐ.சி. குடும்பங்கள். பரீட்சைக்கு அட்டவணை போட்டு மனப்பாடம் பண்ணினோமே, அதே சமாச்சாரம்தான். அந்த அட்டவணையில் வேகத்தையும் மின்செலவையும் எல்லோரும் பார்ப்பார்கள். வோல்டேஜ் வரிசையை மட்டும் தாண்டிப் போய்விடுவார்கள். நான் அதைப் பற்றித்தான் பேசப் போகிறேன்.

முதலில் குடும்ப அறிமுகம். டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனம் 1964-இல் டி.டி.எல். 5400 வரிசையையும், 1966-இல் பிளாஸ்டிக் உறையில் 7400-ஐயும் கொண்டு வந்தது. ஒரு கேட்டுக்குச் சுமார் 10 நானோ செகண்டு தாமதம், 10 மில்லிவாட் செலவு. பின்னால் வந்த எல்.எஸ். வகை அதே வேகத்தை 2 மில்லிவாட்டில் கொடுத்தது. ஆர்.சி.ஏ. 1968-இல் கொண்டு வந்த 4000 வரிசை சிமாஸ், சும்மா இருக்கும்போது அநேகமாக ஒன்றும் சாப்பிடாது. ஆனால் மெதுவு. அதற்காக சிமாஸ் எப்போதும் சிக்கனம் என்று நினைச்சுடாதீங்க. ஒவ்வொரு தடவை மாறும்போதும் கெப்பாசிட்டன்ஸை நிரப்பிக் காலி பண்ணணும். கிளாக் வேகம் ஏற ஏற செலவும் ஏறும். இ.சி.எல். தனி ரகம். டிரான்சிஸ்டரை சாச்சுரேஷனுக்கே போக விடாது, அதனால் அந்த வேகம். 1976-இன் கிரே-1 சூப்பர் கம்ப்யூட்டர் அதில்தான் கட்டப்பட்டது. சூட்டைத் தணிக்க ஃப்ரியான் ஓடிக்கொண்டே இருக்கணும்!

இப்போ விஷயத்துக்கு வர்றேன். கடையில் 74எல்.எஸ்.00 கேட்டால், "எச்.சி. தான் சார் இருக்கு, எல்லாம் ஒண்ணுதான்" என்பார்கள். எண் ஒன்று, கால்களின் வரிசையும் ஒன்று. ஆனால் எச்.சி. என்பது சிமாஸ். 5 வோல்ட் சப்ளையில் அதன் இன்புட்டுக்கு 'ஒன்று' என்றால் 3.5 வோல்ட் வேண்டும். எல்.எஸ். அவுட்புட் உத்தரவாதம் தருவது 2.7 வோல்ட்தான். நடைமுறையில் 3.4 பக்கம் வரும். அதனால் மேஜை மேலே வைத்துப் பார்த்தால் பெரும்பாலும் ஓடிவிடும். அதுதான் ஆபத்து.

ஒரு ஆலையில் நூல் நீளத்தை எண்ணும் போர்டு. யாரோ பழுது பார்த்தபோது எல்.எஸ். இருந்த இடத்தில் எச்.சி. போட்டிருந்தார்கள். பக்கத்து மோட்டார் ஓடினால் எண்ணிக்கை தவறும். அந்த எண்ணிக்கையை வைத்துத்தான் தொழிலாளிக்குக் கூலி! "நாங்க ஓட்டினது எங்கேங்க போச்சு?" என்று ஒரு அம்மா என்னைக் கேட்டார். சிலோஸ்கோப்பை வைத்துப் பார்த்தேன். எல்.எஸ். அவுட்புட் 3.3 வோல்ட்டில் நின்றது. எச்.சி. ஐ.சி.யை எடுத்துவிட்டு எச்.சி.டி. போட்டேன். அதுவும் சிமாஸ்தான், ஆனால் இன்புட்டுக்கு 2 வோல்ட் போதும். எண்ணிக்கை நேரானது. செலவு சில ரூபாய்.

இன்றைய மாணவர்களுக்கு இது பழங்கதை அல்ல. உங்கள் மைக்ரோகன்ட்ரோலர்களில் பெரும்பாலானவை 3.3 வோல்ட். அதிலிருந்து 5 வோல்ட் எச்.சி.க்கு நேரே வயர் இழுத்தால் அதே கதைதான், அங்கேயும் எச்.சி.டி. போடுங்க. திருப்பி 5 வோல்ட்டை மைக்ரோகன்ட்ரோலர் காலில் கொடுப்பதற்கு முன்னால், அந்தக் கால் அதைத் தாங்குமா என்று டேட்டா ஷீட்டில் பாருங்க. தாங்காத கால் போயே போய்விடும். அப்புறம், பயன்படுத்தாத சிமாஸ் இன்புட்டை அந்தரத்தில் விடாதீங்க. கிரவுண்டிலோ சப்ளையிலோ கட்டிடுங்க.

கேள்வி இருந்தால் சாப்பாட்டுப் பந்தியில் பிடிச்சுக்கோங்க.