விதைக்கும் முன்பே களையெடுப்போம்

கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம், ஓட்டப்பிடாரம் பக்கம் களையெடுப்பு என்றால் ஐப்பசி, கார்த்திகையில் களைகொத்தியோடு வரிசை பிடித்துச் செய்யும் வேலை என்றே கணக்கு வைத்திருக்கிறோம். அந்த வேலை வேண்டாம் என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் கரிசல் புஞ்சையில் களை எவ்வளவு வரும் என்பது அதற்கு ஐந்தாறு மாதம் முன்பே, சித்திரை, வைகாசியில் நிலத்தை என்ன செய்தோம் என்பதைப் பொறுத்துப் பெரிதும் முடிவாகிவிடுகிறது. கோடை உழவைத்தான் மானாவாரிக் கரிசலின் முதல் களையெடுப்பாகக் கொள்ள வேண்டும். அதற்கான காரணங்களையும், அதற்கு எதிராகச் சொல்லப்படுபவற்றில் எவ்வளவு நியாயம் இருக்கிறது என்பதையும் இந்த உரையில் பார்ப்போம்.

முதலில் மண்ணின் குணம். கரிசலில் மாண்ட்மோரில்லோனைட் வகைக் களிமண் மிகுதி. தண்ணீர் பட்டால் அது உப்பும். காய்ந்தால் சுருங்கிப் பாளம் பாளமாக வெடிக்கும். நனைந்த கரிசல் காலிலும் கொழுவிலும் அப்பிக்கொள்ளும். இறுகக் காய்ந்துவிட்டால் கலப்பை இறங்காது. இரண்டுக்கும் நடுவில் வேலைக்கு ஏற்ற பதம் சில நாட்களே நிற்கும். இங்கே ஆண்டு மழை சுமார் 700 மில்லிமீட்டர். அதில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையாக வந்துவிடுகிறது. உளுந்தும் பாசிப்பயறும் முளைத்த முதல் 30 நாளில் களையோடு போட்டி போட்டால் மகசூல் இறங்கும். சோளத்துக்கும் பருத்திக்கும் அந்தக் கெடு இன்னும் நீளம். பயிருக்குக் களையெடுப்பு அவசரமாகத் தேவைப்படும் அதே நாட்களில்தான் மழை நம்மைக் காட்டுக்குள் இறங்க விடாமல் நிறுத்திவைக்கிறது. வெயில் தலைகாட்டிப் பதம் வந்ததும் எல்லாப் புஞ்சைக்கும் ஒரே நேரத்தில் ஆள் வேண்டியிருக்கிறது. தீப்பெட்டி ஆலைக்கும் பட்டாசு ஆலைக்கும் வேலைக்குப் போகிறவர்கள் அந்த ஒரு வாரத்துக்காகத் திரும்பி வரமாட்டார்கள். வரச் சொல்வதும் நியாயமில்லை.

இன்னொரு காரணம் நாம் விதைக்கும் முறையிலேயே இருக்கிறது. கோவில்பட்டி வேளாண்மை ஆராய்ச்சி நிலையம் 1901-இல் தொடங்கப்பட்டது. 1970-இல் தொடங்கிய அகில இந்திய மானாவாரி வேளாண்மை ஆராய்ச்சித் திட்டத்தின் மையங்களில் அதுவும் ஒன்று. கரிசலுக்கு அங்குள்ள அறிவியலாளர்கள் தந்த முக்கியமான பரிந்துரை, பருவமழைக்கு முந்திய விதைப்பு. செப்டம்பரில், பெருமழைக்கு முன், காய்ந்த புழுதியில் சோளம் போன்ற விதைகளைச் சுமார் 5 சென்டிமீட்டர் ஆழத்தில் போடுவார்கள். சிறு தூறலுக்கு விதை ஏமாறி முளைக்காது; நல்ல மழை இறங்கிய பிறகே முளைக்கும். குறுகிய பருவத்தின் முதல் மழையே பயிருக்கு உதவுவதால் இது அருமையான முறை. ஆனால் இதில் ஒரு சிக்கல் உண்டு. மழைக்குப் பின் விதைக்கிறவர், முதல் மழையில் முளைத்த களையை விதைப்பு உழவிலேயே அழித்துவிடுவார். முன்கூட்டி விதைத்தவருக்கு அந்த வாய்ப்புக் கிடையாது. பயிரும் சாரணை போன்ற களைகளும் ஒரே மழையில் சேர்ந்தே முளைக்கும். எனவே மண்ணில் கிடக்கும் களை விதைகளைக் கோடை மழையிலும் ஆடி, ஆவணித் தூறலிலும் முளைக்க விட்டு, பூத்து விதை விழும் முன் மேலோட்டமாக உழுது அழித்துவிட வேண்டும். முன்பருவ விதைப்பை ஏற்றுக்கொண்டவர் கோடை உழவை விட்டுவிட்டால் பாதி முறையைத்தான் பின்பற்றுகிறார்.

விதையால் வரும் களைக்கு இது போதும். கோரையும் அறுகும் அப்படி அடங்குபவை அல்ல. அமெரிக்கக் களையியல் அறிஞர் லீராய் ஹோமும் உடன் ஆய்வாளர்களும் உலகின் மிக மோசமான களைகளைப் பற்றி 1977-இல் வெளியிட்ட நூலில் கோரைக்கு முதலிடமும் அறுகுக்கு இரண்டாம் இடமும் கொடுத்தார்கள். இரண்டுமே நம் காட்டில் இருக்கின்றன. கோரை மண்ணுக்குள் சங்கிலியாகக் கோத்துக் கிடக்கும் கிழங்குகளால் பரவுகிறது. அவற்றில் பெரும்பகுதி மேல் 15 சென்டிமீட்டர் மண்ணில்தான் இருக்கும். ஈரம் நிற்கும் மழைக்காலத்தில் உழுதால் சங்கிலி அறுந்து ஒவ்வொரு கிழங்கும் தனிச் செடியாகிவிடும். கோடை மழை விழுந்து பதம் வந்ததும் சட்டிக் கலப்பையால் மண்ணைப் பெயர்த்துப் புரட்டிப் போட்டு, அடுத்து வரும் வெயிலில் காயவிட்டால், மேலே வந்த கிழங்கு ஈரம் இழந்து சாகும். ஒரே கலப்பை மழைக்காலத்தில் கோரையைப் பெருக்கும், கோடையில் குறைக்கும். புழுதியைக் கால்பங்கு எடையாகக் காயவிட்டால் ஒரு பிடி எருவும் வேண்டாம் என்று உழவு அதிகாரத்தில் வள்ளுவர் சொல்கிறார். எருவைப் பற்றிய பேச்சை உயர்வு நவிற்சி என்று தள்ளினாலும், உழுத மண்ணைக் காயவிடுவதும் உழவின் ஒரு பகுதி என்ற அவருடைய பார்வை சரியானது.

களைக்கொல்லி இருக்கும்போது இவ்வளவு பாடு எதற்கு என்று கேட்கலாம். விதைத்ததும் தெளிக்கும் பெண்டிமெத்தலின் முளைக்கும் சிறு விதைக் களைகளைத் தடுக்கிறது என்பது உண்மை. ஆனால் அது வேலை செய்ய மண்ணில் ஈரம் வேண்டும். காய்ந்த புழுதியில் தெளித்து மழைக்குக் காத்திருந்தால் வெயிலில் ஆவியாகியும் சிதைந்தும் வீரியம் குறையும். கோரைக் கிழங்கை அது தொடுவதே இல்லை. கிளைபோசேட் கிழங்குவரை இறங்கும் என்றாலும், அதற்குத் தழைத்து நிற்கும் பச்சை இலை வேண்டும். அந்த இலை நன்றாகத் தழைக்கும் நேரத்தில் பக்கத்தில் நம் பயிரும் நிற்கும். களைக்கொல்லி ஒரு துணை. நிலத் தயாரிப்பு செய்ய வேண்டிய வேலையை அதன் தலையில் கட்ட முடியாது.

உழவே மண்ணைக் கெடுக்கிறது, உழாமல் விதைப்பதே நல்லது என்ற மறுப்பு இன்னும் கனமானது. திரும்பத் திரும்ப உழுதால் மண்ணின் மட்கு கரைவது உண்மை. நிறம் கறுப்பாக இருந்தாலும் நம் கரிசலில் கரிமச்சத்து பெரும்பாலும் அரை சதவீதத்துக்கும் கீழே. ஆனால் உழாத வேளாண்மை வெற்றி பெற நிலத்தின் மேல் தட்டையும் தழையும் மூடாக்காகக் கிடக்க வேண்டும். இங்கே சோளத்தட்டை மாட்டுக்குத் தீவனம். அறுத்த காட்டில் ஆடு மேய்கிறது. மூடாக்கும் இல்லாமல் உழவும் இல்லாமல் விட்டால் இறுகிய தரையில் மழை ஓடிப்போகும், கோரை நிலைத்துவிடும். ஆகவே அந்த மறுப்பை உழவின் அளவைக் குறைக்கச் சொல்லும் எச்சரிக்கையாக ஏற்கலாம். ஆழ உழவு ஆண்டுதோறும் தேவையில்லை. சரிவுக்குக் குறுக்கே உழவேண்டும். கட்டியை அன்றே மாவாக்க வேண்டாம். நனைந்து காயும்போது கரிசல் தானே உதிரும். அறுகு உள்ள காட்டில் ரோட்டாவேட்டரை விடக்கூடாது. அது தண்டைத் துண்டாக்கி நிலமெங்கும் நட்டுவிடும். மட்கை ஈடுசெய்ய எரு வேண்டும், அதுவும் நன்றாக மக்கிய எருவாக. சீமைக் கருவேல நெற்று தின்ற ஆட்டின் பச்சைப் புழுக்கை அந்த மரத்தையே காட்டுக்குள் விதைக்கும். கிடை போட்ட காட்டில் முளைக்கும் கன்றுகளை இளசிலேயே பிடுங்கிவிட வேண்டும்.

பள்ளி வளாகத்திலோ வீட்டு முற்றத்திலோ புல்தரை போட நினைப்பவர்களுக்கும் இதே வரிசைதான். கோடையில் கொத்திக் கோரைக் கிழங்கைப் பொறுக்கி, காயவிட்டு, பிறகு தண்ணீர் விட்டு முளைத்த களையை இரண்டு முறையாவது செதுக்கிய பின்பே அறுகந்தண்டை நட வேண்டும். புல் படர்ந்த பிறகு அதற்குள்ளிருந்து கோரையைப் பிரித்தெடுப்பது மிகக் கடினம்.

கடைசியாகச் செலவு. வருமானம் இல்லாத மாதத்தில் டிராக்டர் வாடகை பாரம்தான். தமிழ்நாடு அரசின் 2025-26 வேளாண் நிதிநிலை அறிக்கை கோடை உழவுக்கு ஹெக்டேருக்கு 2,000 ரூபாய் மானியம் அறிவித்தது. இந்த ஆண்டு என்ன உதவி உண்டு என்று உங்கள் வேளாண்மை அலுவலகத்தில் சித்திரைக்கு முன்பே கேட்டுவிடுங்கள். சின்னப் புஞ்சைக்காரர்கள் நாலைந்து பேர் சேர்ந்து ஒரே நாளில் டிராக்டரை அமர்த்துங்கள். கோடை மழை விழுந்து பதம் வந்ததும் தள்ளிப் போடாமல் உழுங்கள். ஐப்பசியில் களைக்கென்று எடுத்துவைக்கும் பணத்தில் ஒரு பங்கை வைகாசிக்கே ஒதுக்குங்கள்.