கழுவிய ஜாடியில் மாங்காய் வாசம்



எங்கள் வீட்டில் ஒரு பீங்கான் ஜாடி இருந்தது. பல வருஷம் மாங்காய் ஊறிய ஜாடி. ஒருமுறை அம்மா அதைச் சாம்பல் போட்டுத் தேய்த்து, வெந்நீர் ஊற்றி அலசி, இரண்டு நாள் மொட்டை மாடி வெயிலில் காயவைத்து, அதில் சர்க்கரையைக் கொட்டி வைத்தார். பார்வைக்குப் புது ஜாடிதான். கிறிஸ்துமஸ் அன்று பாயசம் வைத்தார்கள். அப்பா ஒரு வாய் குடித்துவிட்டு, "இது என்ன, ஊறுகாய்ப் பாயசமா?" என்று கேட்டார். ஜாடி கழுவியாயிற்று, வாசம் போகவில்லை.

ஜாடியைக் கழுவுவதற்கும் வாசம் போவதற்கும் கிறிஸ்தவ வாழ்க்கையில் தனித்தனிப் பெயர் உண்டு. மனந்திரும்புதல் என்பது ஒன்று, மனம் புதிதாதல் என்பது இன்னொன்று. முதலாவதைப் பற்றி நாம் நிறையப் பேசுகிறோம். சாட்சி சொல்ல எழுந்து நிற்கிறவர் தேதி, நேரம், இடம் எல்லாம் சொல்வார். இரண்டாவதற்குத் தேதி கிடையாது. ரோமாபுரிச் சபைக்கு எழுதிய நிருபத்தின் 12-ஆம் அதிகாரத்தில் பவுல் அதைப் பற்றிச் சொல்லும்போது, மலையின்மேல் இயேசு மறுரூபமானதைச் சொல்ல சுவிசேஷத்தில் வரும் அதே கிரேக்க வினைச்சொல்லை எடுக்கிறார். பவுல் எழுதும் வடிவத்தில் அது ஒரே மூச்சில் முடிந்துபோகிற வினை அல்ல, நடந்துகொண்டே இருக்கிற வினை. அதோடு, நாமே செய்துகொள்வதும் அல்ல, நமக்குள் செய்யப்படுவது. இலக்கணப் பாடம் போதும், ஓர் ஆளைக் காட்டுகிறேன்.

ஜான் நியூட்டன். 1725-ல் லண்டனில் பிறந்தவர். சின்ன வயதிலேயே தாயை இழந்து, கடலுக்குப் போய், கப்பற்படையில் இருந்து ஓடிப் பிடிபட்டுச் சவுக்கடி வாங்கி, மேற்கு ஆப்பிரிக்காவில் அடிமை வியாபாரி ஒருவனிடம் தானே அடிமைபோலக் கிடந்தவர். வாயைத் திறந்தால் தெய்வ நிந்தனை. 1748 மார்ச்சில் அவர் ஊருக்குத் திரும்பிக்கொண்டிருந்த கிரேஹவுண்ட் என்ற கப்பல் வட அட்லாண்டிக்கில் புயலில் சிக்கியது. ஒரு பக்கம் பிய்ந்துபோய்த் தண்ணீர் உள்ளே பாய்ந்தது. சரக்கில் தேன்மெழுகும் மரமும் நிறைய இருந்ததால்தான் கப்பல் மூழ்காமல் மிதந்தது. மணிக்கணக்காகப் பம்பு அடித்துக் களைத்த நேரத்தில் நியூட்டனின் வாயில் இருந்து, கர்த்தர் இரங்கட்டும் என்ற பொருளில் ஒரு வார்த்தை தன்னை அறியாமல் வந்தது. வந்த வார்த்தையைக் கேட்டு அவரே திடுக்கிட்டுப் போனார். சுமார் நான்கு வாரம் கழித்துக் கப்பல் அயர்லாந்தில் கரை சேர்ந்தது. அந்தப் புயல் நாளைச் சாகிறவரைக்கும் வருஷாவருஷம் அவர் நினைவுகூர்ந்தார்.

மேடையில் இந்தக் கதை வேகமாக முடிந்துவிடும். புயல் அடித்தது, மனம் மாறினார், அடிமை வியாபாரத்தை விட்டார், 'அமேசிங் கிரேஸ்' பாட்டை எழுதினார், ஆமென். நடந்தது அப்படி இல்லை.

கரை சேர்ந்த அதே வருஷம் அவர் ஓர் அடிமைக் கப்பலில் துணை அதிகாரியாகப் போனார். 1750-லிருந்து 1754 வரை கேப்டனாகவே மூன்று பயணம். ஞாயிற்றுக்கிழமைகளில் மாலுமிகளைக் கூட்டி வைத்து ஆராதனை நடத்தினார். தன் அறையில் உட்கார்ந்து லத்தீன் படித்தார். கீழ்த்தளத்தில், அலமாரியில் புத்தகங்களை அடுக்குவதுபோல மனிதர்களை நெருக்கிக் கிடத்தியிருந்தார்கள். இந்த உவமை பிற்காலத்தில் அவரே எழுதியது.

1752 டிசம்பரில் அவர் கப்பல் குறிப்பேட்டில் எழுதியதைக் கேளுங்கள். அடிமைகள் கலகம் செய்யத் திட்டம் போட்டிருந்தார்கள், தெய்வச் செயலால் அது முன்கூட்டியே தெரியவந்தது என்கிறார். அடுத்தாற்போல, உண்மையை வரவழைக்கச் சில பையன்களுக்கு விலங்கு மாட்டி, கட்டைவிரலை நசுக்கும் திருகாணியையும் லேசாகப் போட்டதாக எழுதுகிறார். லேசாக! தெய்வத்துக்கு நன்றியும் திருகாணியும் ஒரே பக்கத்தில், ஒரே பேனாவில். எழுதியவருக்கு அது உறுத்தவில்லை.

1754-ல் அவர் கடலை விட்டதற்கும் மனச்சாட்சி காரணமில்லை. மனைவியோடு தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது வலிப்பு வந்து விழுந்தார். மருத்துவர்கள் கடல் வேண்டாம் என்றார்கள். லிவர்பூல் துறைமுகத்தில் சுங்க அதிகாரி வேலை கிடைத்தது. 1764-ல் குருப்பட்டம் பெற்று ஓல்னி என்ற சிற்றூரில் போதகரானார். அதே வருஷம் வெளிவந்த தன் வரலாற்றில், அடிமை வியாபாரம் செய்த காலத்தில் அது நியாயமா என்ற சந்தேகமே தனக்கு எழவில்லை என்று ஒளிவுமறைவில்லாமல் எழுதினார். 1773 புத்தாண்டு ஆராதனைக்கு அந்தப் புகழ்பெற்ற பாட்டு வந்தது. நாம் பாடுகிற மெட்டோ அவர் இறந்த பிறகு, 1835-ல் அமெரிக்காவில் அதோடு சேர்க்கப்பட்டது.

அடிமை வியாபாரத்தைக் கண்டித்து அவர் சிறுநூல் வெளியிட்டது 1788-ல். புயலுக்கும் அந்த நூலுக்கும் நடுவே நாற்பது வருஷம். இந்த அறிக்கை காலம் கடந்து வருகிறது, இதில் எனக்கும் கை இருந்தது என்று வெட்கத்தோடு அதில் ஒப்புக்கொண்டார்.

அப்படியானால் அவர் மாய்மாலக்காரரா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. புயலுக்குப் பிறகு முதலில் மாறியது நாக்கு. நிந்தனைப் பேச்சு நின்றது. பிறகு ஞாயிற்றுக்கிழமை மாறியது. பிறகு வாசிப்பு, ஜெபம், பழக்கவழக்கம். நெடுங்காலம் மாறாமல் கிடந்தது எது என்று பாருங்கள். ஊரே கௌரவமான தொழில் என்று சொன்ன ஒன்று. கப்பல் முதலாளிகள் கோயிலில் முன்வரிசையில் உட்கார்ந்த காலம் அது. குடிப்பவனுக்குக் குடி கெட்டது என்று சொல்ல ஆயிரம் பேர் உண்டு. கௌரவமான பாவத்தைச் சுட்டிக்காட்ட யார் இருக்கிறார்கள்? மனம் புதிதாவதைச் சொல்லும் அந்த ரோமர் வசனத்தின் முதல் பாதியில், இந்த உலகத்துக்கு ஒத்த வேஷம் போடாதிருங்கள் என்று பவுல் சொல்லும் 'வேஷம்' இதுதான். சுற்றியுள்ள உலகம் போட்டிருக்கிற வேஷத்தையே நாமும் போட்டிருந்தால், அது வேஷம் என்றே தெரியாது.

நியூட்டனுக்கும் அது தனியறை ஜெபத்தில் மட்டும் தெரிந்துவிடவில்லை. வெளியே இருந்து சிலர் சொல்ல வேண்டியிருந்தது. ஜான் வெஸ்லி என்ற போதகர் 1774-லேயே அடிமை முறைக்கு எதிராக எழுதிவிட்டார். குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவினர் 1783-ல் நாடாளுமன்றத்துக்கு மனுக் கொடுத்தார்கள். 1785 டிசம்பரில், பின்னாளில் அடிமை வியாபார ஒழிப்புக்காகப் போராடிய வில்பர்ஃபோர்ஸ் என்ற இளம் நாடாளுமன்ற உறுப்பினர், யாருக்கும் தெரியாமல் நியூட்டனைப் பார்க்க வந்தார். அரசியலை விட்டுவிடாதே என்று கிழவர் அவருக்குச் சொன்னார். இளைஞருக்கு அது வழிகாட்டியது. கிழவருக்கும் ஏதோ திறந்திருக்க வேண்டும். பிறகு அரசின் விசாரணையில் நியூட்டன் தான் கண்டதைச் சாட்சியாகச் சொன்னார். பிரிட்டிஷ் அடிமை வியாபாரத்தைத் தடைசெய்யும் சட்டம் 1807 மார்ச்சில் நிறைவேறியது. நியூட்டன் அந்த டிசம்பர் வரை உயிரோடு இருந்தார்.

அவர் கதை நம் பக்கம் ஒரு கிளை விடுகிறது. மனக் கலக்கத்தோடு நியூட்டனிடம் ஆலோசனை கேட்டுப் போன லண்டன் இளைஞர்களில் ஒருவர் டேனியல் வில்சன். பின்னாளில் அவர் கல்கத்தா பேராயரானார். 1833-ல் அவர் தென்னிந்தியச் சபைகளுக்கு எழுதினார்: சபைக்குள் சாதி வேற்றுமை அடியோடு போக வேண்டும். தஞ்சாவூரிலும் வேப்பேரியிலும் பலர் சபையை விட்டு வெளியேறினார்களே தவிர, சாதியை விடவில்லை. அவர்கள் ஞானஸ்நானம் பெற்றவர்கள், வேதம் வாசித்தவர்கள், கீர்த்தனை பாடத் தெரிந்தவர்கள். கத்தோலிக்கர் பக்கமும் வேறு கதை இல்லை. வடக்கன்குளம் கோயிலில் சாதிக்கு ஒரு பக்கமாக நடுவே சுவர் நின்றது. இருபதாம் நூற்றாண்டு பிறந்த பிறகுதான் இடித்தார்கள்.

கழுவிய ஜாடிகள். அவர்கள் மனந்திரும்பவில்லை என்று சொல்ல எனக்குத் துணிவில்லை. நியூட்டனையே அப்படிச் சொல்ல முடியாதபோது இவர்களை எப்படிச் சொல்வது?

நேயர்களே, ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். வரும் ஞாயிறு ஆராதனை முடிந்ததும் நேராக வீட்டுக்குப் போகாதீர்கள். உங்கள் ஊர்க் கல்லறைத் தோட்டம் வரை நடந்து போய்வாருங்கள். அங்கே ஒரே தோட்டமா, இரண்டா, நடுவில் சுவர் இருக்கிறதா, யார் எந்தப் பக்கம் படுத்திருக்கிறார்கள் என்று பாருங்கள். பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போங்கள். ஏன் இப்படி என்று அவர்கள் கேட்பார்கள்.