கசுகாபேயின் கிளைக்கதையும் கரிசல் பிள்ளைகளும்



சிறார் கதைகள் பற்றிய இந்தக் கோவில்பட்டிக் கருத்தரங்கின் தலைமை உரைக்கு நான் எடுத்துக்கொண்டது ஒரு ஜப்பானிய அனிமேஷன் படம். 'ஷின்சான்' தொடரிலிருந்து கிளைத்தது. மசகாசு ஹஷிமோட்டோ இயக்கியது. 2025 ஆகஸ்டில் ஜப்பானில் வெளிவந்து, செப்டம்பர் 26 அன்று இந்தியாவுக்கு வந்தது. தமிழிலும் பேசியது. அதற்கு இரண்டு வாரம் முன்புதான் 'டீமன் ஸ்லேயர்: இன்ஃபினிட்டி காசில்' தமிழ்க் குரலோடு வந்திருந்தது. அதைப் பற்றிக் கல்லூரிப் பிள்ளைகள் நிறையவே பேசிவிட்டார்கள். சின்னப் பிள்ளைகள் பார்த்த ஷின்சானைப் பற்றிப் பேசத்தான் ஆளில்லை.

யோஷிதோ உசுய் 1990இல் பெரியவர்கள் வாசிக்கும் ஒரு வார இதழில் இந்தப் பயலை வரையத் தொடங்கினார். 1992இல் தொலைக்காட்சித் தொடர் வந்தது. 1993 முதல் ஏறத்தாழ ஆண்டுக்கொரு திரைப்படம். உசுய் 2009இல் மலையேறப் போன இடத்தில் இறந்துபோனார். ஷின்சான் என்கிற ஷின்னோசுகே இன்றும் ஐந்து வயதுப் பிள்ளையாகவே இருக்கிறான். நம் பாட்டிமார் கதைகளில் வரும் ஏழாவது ராசகுமாரனுக்கும் வயது ஏறுவதில்லை. வாய்மொழிக் கதையின் இயல்பு அது. எழுதியவர் போன பிறகும் சொல்ல ஆள் இருந்தால் கதை நடக்கும்.

2008இல் இந்தியாவில் இந்தத் தொடரின் ஒளிபரப்புக்குத் தடை வந்தது. பிள்ளைகள் கெட்டுப்போகிறார்கள் என்று பெற்றோர் குறைப்பட்டார்கள். அடுத்த ஆண்டு வெட்டுகளோடு திரும்பி வந்தது. பெற்றோரின் கவலையை நான் தள்ளவில்லை. ஆனால் இங்கிருந்து கூப்பிடு தூரத்து இடைசெவலில் பிறந்த கி.ராஜநாராயணன் இதே சிக்கலை எப்படிக் கையாண்டார் என்று பாருங்கள். ஊர் ஊராகத் திரட்டிய கதைகளில் பச்சையானவற்றை அவர் தூக்கி எறியவில்லை. 'வயது வந்தவர்களுக்கு மட்டும்' என்றே பெயரிட்டுத் தனி நூலாக்கினார். எந்தக் கதை எந்த வயதுக்கு என்று பிரிக்கத் தெரிந்த மண் இது. தடைபோடுவதைவிட அந்தப் பிரித்தறிதல் கடினமான வேலை, பயனுள்ள வேலையும்கூட.

படத்துக்கு வருவோம். தொலைக்காட்சியில் ஒவ்வொரு கதையும் சில நிமிடங்களில் முடிந்து, எல்லாம் பழையபடி ஆகிவிடும். மறுநாள் கதை நடக்க வேண்டுமே! திரைப்படத்துக்கு நேரம் இருக்கிறது. ஓரத்தில் நின்றவனை நடுவே கொண்டுவரலாம். இந்தப் படத்தில் அப்படி வருபவன் ஷின்சானின் தோழன் போ-சான். மூக்கு ஒழுகிக்கொண்டு, அளந்து பேசும் பிள்ளை. நடனப் போட்டியில் வென்று இந்தியா வந்த இடத்தில் ஒரு முதுகுப்பை கிடைக்கிறது. அதிலிருந்த தாளை மூக்கில் செருகியதும் அவன் கொடுங்கோலனாக மாறிவிடுகிறான். பாரதக் கூத்தில் கர்ணனுக்கென்று ஒரு இரவை ஒதுக்குகிறார்களே, கிளைக்கதை செய்யும் வேலை அதுதான்.

கடம்பூர்ச் சாலையில் ஒரு தேநீர்க்கடை வாசலில் இந்தக் கதையை ஒரு பையன் இன்னொருவனுக்குச் சொல்லக் கேட்டேன். "அவன் எப்பவும் வாயே தொறக்க மாட்டாம்ல. தாள மூக்குல சொருகுனதும் ராசா கணக்கா அதட்டுதாம்ல" என்றான். சொல்லும்போதே தன் மூக்கிலும் விரலை வைத்துக் குரலைத் தடிக்க வைத்தான். திரையில் அவன் கேட்டது பொதுத்தமிழ். அவன் வாயிலிருந்து வந்தது கரிசல் தமிழ். எந்த ஒலிப்பதிவுக் கூடத்திலும் நடக்காத இரண்டாவது மொழிமாற்றம் அந்தத் தெருவில் நடந்துகொண்டிருந்தது.

படத்தில் எனக்கு மனத்தாங்கலும் உண்டு. அதில் வரும் இந்தியா, இந்திப் படங்கள் உலகுக்குக் காட்டிய ஆட்டமும் பாட்டமும் மசாலாவும் நிறைந்த இந்தியா. பருத்திக்காடும் கம்பங்கொல்லையும் பார்த்து வளரும் பிள்ளைக்கு ஷின்சானின் ஊரான கசுகாபே எவ்வளவு தூரமோ, படத்தில் வரும் இந்திய நகரமும் அவ்வளவு தூரம். இதை ஆய்வாளர்கள் விவாதிக்க வேண்டும்.

ஆனாலும் வெளியூர்ப் படம் நம் பிள்ளைகளுக்குப் புதிதல்ல. முதல் உலகப்போருக்கு முன்பே ஜப்பான் தீப்பெட்டிகள் படம் ஒட்டி இந்தியாவுக்கு வந்தன. பின்னாளில் கோவில்பட்டியும் சிவகாசியும் தாமே தீப்பெட்டி செய்தன. கி.ரா.வின் 'கதவு' கதையில் பிள்ளைகள் தீப்பெட்டிப் படத்தைத்தான் ஆசையோடு கதவில் ஒட்டுகிறார்கள். கிடைத்த படத்தைத் தங்கள் விளையாட்டுக்குள் இழுத்துக்கொள்வது அவர்கள் சுபாவம்.

ஆகவே ஆய்வாளர்களிடம் என் வேண்டுகோள் இரண்டு. தமிழ்க் குரல் தந்தவர்கள், உரையாடல் எழுதியவர்கள் யார் யார் என்று இன்றே கேட்டுப் பதிந்துவையுங்கள். அவர்களில் மூத்தவர்கள் நம்மோடு இருக்கும்போதே செய்ய வேண்டிய வேலை. அடுத்து, எட்டயபுரம், கயத்தாறு, விளாத்திகுளம் பக்கத்துப் பள்ளிகளுக்குப் போய், பார்த்த படத்தைப் பிள்ளைகள் தங்கள் வாயால் சொல்வதைப் பதிவுசெய்யுங்கள். ஆசிரியர் திருத்தாமல், நீங்களும் திருத்தாமல் அப்படியே எழுதிவையுங்கள்.

பிற்பகல் அமர்வுக்குக் கட்டுரை எதுவும் வைக்கவில்லை. இங்கே வந்திருக்கும் பிள்ளைகள் கதை சொல்வார்கள், நாம் குறிப்பெடுப்போம். கருத்தரங்கைத் தொடங்கிவைக்கிறேன்.