காரீயமும் இயற்கையும்



எல்லோரிடத்திலும் இருக்கிறது என்பதாலேயே ஒன்று இயற்கையாகிவிடுமா? இதைப்பற்றிச் சில வார்த்தைகள் சொல்லுகிறேன். இதற்காக நான் புராணத்தைப் புரட்டப் போவதில்லை. ஒரு இரசாயன ஆராய்ச்சிக்காரரின் வேலையையே எடுத்துக்கொள்ளுகிறேன்.

அவர் அமெரிக்காவில் கலிபோர்னியாவில் வேலை பார்த்த கிளேர் பேட்டர்சன் என்பவர். பூமியின் வயதைக் கணக்கிட, விண்கல்லிலுள்ள காரீயத்தை அளந்தார். பாத்திரத்திற்குப் பூசுகிற வெள்ளீயமல்ல, இது காரீயம். அளக்க அளக்கக் கணக்கு ஒத்துவரவில்லை. காரணம் என்னவென்றால், காற்று, தூசி, தண்ணீர், பாத்திரம், அளப்பவரின் தலைமயிர் எல்லாவற்றிலும் காரீயம் ஒட்டியிருந்தது. அது நுழையாதபடி அறையைச் சுத்தம் செய்த பிறகே கணக்குச் சரிப்பட்டது. பூமிக்கு வயது சுமார் 455 கோடி வருஷம் என்று 1956-இல் வெளியிட்டார்.

வேறொருவர் அந்தப் புகழோடு திருப்தியடைந்திருப்பார். இவரோ, "இவ்வளவு காரீயம் எங்கிருந்து வந்தது?" என்று கேட்டார். மோட்டார் இஞ்சின் தட்டாமல் ஓடுவதற்காக 1923 முதல் பெட்ரோலில் காரீயக் கலவை சேர்த்து விற்றார்கள். அது புகையாய் வெளிவந்து ஜனங்கள் உடம்பில் சேர்ந்தது. குழந்தைகளின் மூளையைக் கெடுக்கும் விஷம் அது. ஆனால் கம்பெனியின் வைத்திய ஆலோசகர் ராபர்ட் கீஹோ சொல்லிவந்த சமாதானம் என்ன? மனிதன் உடம்பில் காரீயம் இருப்பது இயற்கையாம். ஒரு அளவு வரை கெடுதியில்லையாம்!

பேட்டர்சன் இதை வாயால் மறுத்ததோடு நிற்கவில்லை. கிரீன்லாந்தில் பனி வருஷா வருஷம் அடுக்கடுக்காகப் படிகிறது. அதை வெட்டியெடுத்துச் சகாக்களுடன் அளந்தார். கி.மு. 800-இல் இருந்ததைவிட 1965-இல் காரீயம் 200 மடங்குக்கு மேல் என்று 1969-இல் காட்டினார். அப்புறம் இயற்கை எங்கே போயிற்று?

இதற்குக் கிடைத்த மரியாதை என்னவென்றால், 1971-இல் காற்றிலுள்ள காரீயத்தைப்பற்றி ஆராய்ந்த தேசிய ஆராய்ச்சிக் கவுன்சில் கமிட்டியில் அவருக்கு இடமில்லை! என்றாலும் உண்மை நின்றது. அமெரிக்கச் சாலை வண்டிகளுக்கு அந்தப் பெட்ரோல் 1996 ஜனவரியில் தடையாயிற்று. அதற்கு முந்திய மாதம் அவர் காலமாகிவிட்டார். இந்தியா 2000-இலும், கடைசியாக அல்ஜீரியா 2021-இலும் விற்பனையை நிறுத்தின.

தோழர்களே! பழைய பாட்டரிகளை உருக்குமிடங்களில் இன்றும் காரீயம் பறக்கிறது. ஆகையால், "இது இயற்கை, பயப்படாதே" என்று யாராவது சொன்னால், யார் அளந்தது, எப்படி அளந்தது, சொல்பவருக்குச் சம்பளம் கொடுப்பவர் யார் என்று கேளுங்கள். கேட்ட பிறகு நம்புவதா வேண்டாமா என்பதை உங்கள் அறிவே சொல்லட்டும்.