செத்த சிப்பாய்க்குப் பூசையா, பெயரா?

(கொல்லிமலை செம்மேட்டில் வல்வில் ஓரி விழாவையொட்டி நடந்த பொதுக்கூட்டத்தில் பேசியது)



என்னை இங்கு அழைத்த தோழர்கள், ஓரியின் வீரத்தைப் பற்றிப் பேசவேண்டும் என்று கேட்டுக்கொண்டார்கள். அதைப் பேசப் புலவர்கள் இருக்கிறார்கள். நானோ பள்ளிக்கூடத்தில் எட்டாவது வகுப்பைத் தாண்டாதவன். அதற்குமேல் படித்ததெல்லாம் வாசகசாலையிலும் பழைய புஸ்தகக் கடையிலும் பொறுக்கிச் சேர்த்ததுதான். ஆகையால் புலவர்கள் அதிகம் தொடாத ஒரு சங்கதியை மட்டும் சொல்லிவிட்டுப் போகிறேன். யுத்தத்தில் செத்தவனை ஒரு நாடு எப்படி ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுகிறது என்பதுதான் அது. காரவள்ளியிலிருந்து எழுபது கொண்டை ஊசி வளைவும் பஸ்ஸில் ஏறி வருகையில் இதையேதான் யோசித்துக்கொண்டு வந்தேன்.

முதலில் ஓரியின் கதை. இந்த மலைக்குத் தலைவன் ஓரி. மலையமான் திருமுடிக்காரி என்பவன் இவனைக் கொன்றான். கொன்று இந்த மலையைச் சேரனுக்குக் கொடுத்துவிட்டான். சங்கப் பாட்டுகளில் இது தெளிவாக இருக்கிறது. பிற்காலத்தில் என்ன ஆயிற்று? கொன்ற காரியும் கொல்லப்பட்ட ஓரியும் "கடையெழு வள்ளல்கள்" என்ற ஒரே ஜாபிதாவில் சேர்ந்து உட்கார்ந்திருக்கிறார்கள்! இருவரும் பாணர்க்குக் கொடுத்தவர்கள். ஆகவே இருவரும் வள்ளல்கள். இதில் எனக்கு ஆட்சேபணை இல்லை.

ஆனால் ஒன்று கேட்கிறேன். இந்த மலையில் கொல்லிப்பாவை என்று ஒரு பொம்மை இருந்ததாம். எதிரி வந்தால் சிரித்தே கொன்றுவிடுமாம். அப்படியானால் காரி படையோடு வந்தபோது அந்தப் பாவை எங்கே போயிருந்தது? ஒரு பல்லையாவது காட்டியிருக்கக் கூடாதா? (சிரிப்பு) பாவை சிரிக்கவில்லை. ஓரிதான் வில்லெடுத்தான், ஓரிதான் செத்தான். அவனோடு வில்லெடுத்துச் செத்த மலைக்குடி மக்கள் எத்தனை பேர், அவர்கள் பெயர் என்ன என்று ஒரு பாட்டும் சொல்லவில்லை. ஓரிக்குச் சிலை இருக்கிறது, ஆடி மாதத்தில் சர்க்காரே விழா எடுக்கிறது, சந்தோஷம். மற்றவர்களுக்கு என்ன இருக்கிறது?

நம் முன்னோர்கள் எல்லாருமே இப்படித் தலைவனை மட்டும் நினைத்தவர்கள் என்று எண்ணிவிடாதீர்கள். தலைவனுக்குப் பாட்டு இருந்தது; சாதாரண ஆளுக்குக் கல் இருந்தது. அதற்கு நடுகல் என்று பெயர். கல்லைத் தேடிக் காண்பது, அதை எடுப்பது, நீரில் கழுவுவது, நடுவது, படைப்பது, வாழ்த்துவது என்று ஆறு துறைகளைத் தொல்காப்பியம் சொல்லுகிறது. படையலும் அதில் இருந்தது, மறைப்பானேன்? கள்ளும் வைத்தார்கள், மயிற்பீலியும் சூட்டினார்கள். ஆனால் அந்தக் கல்லில் பிற்பாடு என்ன எழுதினார்கள் என்பதைக் கவனியுங்கள்.

தேனி ஜில்லாவில் புலிமான்கோம்பை என்ற ஊரில் 2006ஆம் வருஷம் மூன்று நடுகற்கள் அகப்பட்டன. தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் கண்டெடுத்தார்கள். தமிழ் பிராமி என்ற பழைய எழுத்து. 2,000 வருஷத்துக்கு மேற்பட்டவை என்று ஆராய்ச்சிக்காரர்கள் சொல்லுகிறார்கள். அதில் ஒரு கல், கூடலூரில் நடந்த மாடுபிடி சண்டையில் செத்த அந்துவன் என்பவனுக்காக நட்ட கல். அவன் ராஜா அல்ல, மந்திரி அல்ல, மாட்டுக்காக மாண்ட ஒரு ஆள். அவன் பெயர் இருக்கிறது, சண்டை நடந்த ஊர் இருக்கிறது, செத்த காரணம் இருக்கிறது. இதற்குமேல் ஒரு செத்த மனுஷனைப் பற்றி என்ன தெரியவேண்டும்?

செங்கம் பக்கத்துக்கு வாருங்கள். பல்லவர் காலத்து நடுகற்கள் அங்கே ஏராளம். சர்க்கார் தொல்பொருள் இலாகாவினர் தேடிப் படித்து 1972இல் புஸ்தகமாகவே போட்டிருக்கிறார்கள். இன்ன ராஜாவின் இத்தனையாவது வருஷத்தில், இன்னாருடைய சேவகன், இன்ன தொறுவில், அதாவது இன்ன மாட்டு மந்தைச் சண்டையில், பட்டான் என்று எழுதியிருக்கிறது. எடுத்தனூர் என்ற ஊரில் ஒரு கல். மகேந்திரவர்மனின் 34ஆம் வருஷத்தது. அதில் வீரனோடு ஒரு நாயும் செதுக்கியிருக்கிறது. அந்த நாயின் பெயர் கோவிவன். அது இரண்டு கள்ளர்களைக் கடித்து, எஜமானனுக்குக் காவலாக நின்றது என்று எழுதி வைத்திருக்கிறார்கள்.

தோழர்களே! 1,400 வருஷத்துக்கு முன் செத்த நாயின் பெயர் நமக்குத் தெரிகிறது. இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கிறது.

இந்தக் கற்களை நாம் என்ன செய்தோம்? சில வருஷங்களுக்கு முன் தருமபுரிப் பக்கம் ஒரு கிராமத்துக்குப் போயிருந்தேன். ஊருக்கு வெளியே மரத்தடியில் ஒரு நடுகல். எண்ணெய் ஊறிக் கன்னங்கரேலென்று இருந்தது. மேலே மஞ்சள், குங்குமம், எதிரில் கிடா வெட்டின ரத்தம். "இது யார், ஐயா?" என்று கேட்டேன். "வேடியப்பன் சாமி" என்றார் ஒரு பெரியவர். "என்ன செய்தார்?" என்றேன். "கேட்டதைக் கொடுப்பார்" என்றார். "முன்னே என்ன செய்தார்?" என்றேன். பெரியவருக்கு என் கேள்வியே விளங்கவில்லை. "சாமி என்ன செய்யும்? சாமியாய் இருக்கும்" என்று சொல்லிவிட்டார்.

அந்தக் கல்லின் மேல்பாகத்தில் எழுத்துக்கள் இருந்தன. விரலால் தடவினால் வரிவரியாகத் தட்டுப்பட்டன. கண்ணால் பார்க்க முடியவில்லை. அந்தப் பெரியவர் கெட்டவர் அல்ல; எனக்கு மோர் கொடுத்து உபசரித்தவர். ஆனால் இந்த ஊர் மந்தையைக் காப்பாற்ற வேலுக்கு எதிரே நின்றவன் ஒருவன், அவனுக்கு ஒரு தாய் இருந்தாள், பெயர் வைத்தாள், அந்தப் பெயரை ஊரார் கல்லில் வெட்டினார்கள், இந்த விவரம் அத்தனையும் எண்ணெய்க்கும் குங்குமத்துக்கும் அடியில் போயிற்று. சாமியாக்கியதில் அவனுக்கு என்ன லாபம்? கிடாவை அவன் தின்னவில்லை. தின்றவர்கள் யார் என்பது உங்களுக்குத் தெரியும். (சிரிப்பு)

இப்போது என் வீட்டுச் சங்கதி ஒன்று. என் கொள்ளுப்பாட்டனாருக்கு ஒரு தம்பி இருந்தாராம். 1914இல் ஆரம்பித்த பெரிய யுத்தத்தில் ஆள் எடுத்தபோது போனார். சிப்பாயாகப் போனாரோ சுமை தூக்கப் போனாரோ தெரியாது. பஸ்ராவுக்குக் கப்பலேற்றினார்கள் என்பது வரைக்கும் எங்கள் வீட்டில் பேச்சு. திரும்பி வரவில்லை. அவரை எங்கள் வீட்டில் எல்லாரும் "பட்டாளத்தார்" என்றே சொல்லுவார்கள். நான் சிறு பையனாக இருந்தபோது ஆடி அமாவாசைக்குப் பாட்டி காக்கைக்குச் சோறு வைத்து "பட்டாளத்தாருக்கு" என்பாள். அவர் பெயர் என்ன என்று ஒரு தடவை கேட்டேன். பாட்டி யோசித்தாள். தெரியவில்லை. பெரியப்பாவைக் கேட்டேன். அவருக்கும் தெரியவில்லை. வருஷா வருஷம் தவறாமல் காக்கைக்குச் சோறு போட்ட வீட்டில், செத்தவனுடைய பெயரைக் காப்பாற்ற ஒரு நாதியில்லை!

சரி, அனுப்பின வெள்ளைக்காரனாவது எழுதி வைத்திருப்பானே என்று தேடிப் படித்தேன். அந்த யுத்தத்துக்கு இந்தியாவிலிருந்து 13 லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் போனார்கள். ஏறக்குறைய 74,000 பேர் செத்தார்கள். 1917இல் யுத்தச் சமாதிகளைக் கவனிக்க லண்டனில் ஒரு கமிஷன் ஏற்படுத்தினார்கள். துரையானாலும் சிப்பாயானாலும், எந்த நிறத்தவனானாலும், எந்த மதத்தவனானாலும் ஒரே மாதிரி மரியாதை என்பது அதன் கொள்கை. கேட்க நன்றாக இருக்கிறதல்லவா? பஸ்ராவில் 1929இல் திறந்த ஞாபகச் சின்னத்தைப் பாருங்கள். மெசபடோமியாவில் செத்த 40,000க்கு மேற்பட்டவர்களுக்கு அது. வெள்ளைக்காரரில் சாதாரணச் சிப்பாய்க்கும் பெயர் உண்டு. இந்தியரில் உத்தியோகஸ்தர்களுக்கு மட்டும் பெயர். மற்றவர்கள் இன்ன பட்டாளத்தில் இத்தனை பேர் என்று வெறும் எண்ணிக்கை. கொள்கை லண்டனில் இருந்தது. எண்ணிக்கை பஸ்ராவில் இருந்தது.

நம் நாட்டுக் கிராமங்கள் பலவற்றிலும் ஒரு பளிங்குக் கல் பதித்திருப்பார்கள். இந்த ஊரிலிருந்து இத்தனை பேர் 1914–1919 யுத்தத்துக்குப் போனார்கள், அவர்களில் இத்தனை பேர் உயிர் விட்டார்கள் என்று இங்கிலீஷில் இருக்கும். யார் யார்? கிடையாது. ஆடு மாட்டைச் சந்தையில் எண்ணுகிற கணக்கு.

வெள்ளைக்காரன் மறைத்துவிட்டான் என்று நாம் கூச்சல் போடுவதற்கு முன் அந்தக் கமிஷனே ஒரு காரியம் செய்தது. தன் பழைய தஸ்தாவேஜுகளைத் தானே புரட்டிப் பார்த்து 2021இல் ஒரு அறிக்கை வெளியிட்டது. 45,000 முதல் 54,000 பேர் வரை சமத்துவமில்லாமல் நினைவு கூரப்பட்டார்கள், குறைந்தது 1,16,000 பேர், ஒருவேளை 3,50,000 பேர் வரையில் கூட, பெயரே இல்லாமல் விடப்பட்டார்கள், அநேகமாக எல்லாரும் ஆப்பிரிக்காக்காரர், ஆசியாக்காரர் என்று ஒப்புக்கொண்டு மன்னிப்பும் கேட்டது. நூறு வருஷம் கழித்துத்தான். இருந்தாலும் தப்பு என்று சொல்லிற்று அல்லவா? வேடியப்பனுடைய பெயரைத் தொலைத்ததற்கு நாம் யாரிடம் மன்னிப்புக் கேட்டோம்?

எண்ணெயில் மூழ்கிய பெயருக்கும் எண்ணிக்கையில் மூழ்கிய பெயருக்கும் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை.

மற்ற தேசத்தாரைப் பார்ப்போம். லண்டனிலும் பாரீஸிலும் 1920ஆம் வருஷம் நவம்பர் 11ஆம் தேதி, ஒரே நாளில், பெயர் தெரியாத ஒரு சிப்பாயின் பிணத்தைக் கொண்டுவந்தார்கள். லண்டனில் ராஜாக்களைப் புதைக்கிற மாதா கோயிலிலேயே புதைத்தார்கள். பெயர் தெரியாமற் போயிற்றே என்பதையே ஒரு துக்கமாக எடுத்துக்கொண்டார்கள் என்பது இதன் அர்த்தம்.

ஜப்பான்காரன் வேறு மாதிரி. டோக்கியோவில் யாசுகுனி என்று ஒரு கோயில், 1869இல் கட்டியது. யுத்தத்தில் செத்த 24 லட்சத்துக்கு மேற்பட்டவர்களைத் தெய்வமாக்கி அங்கே வைத்திருக்கிறார்கள். பெயர் எழுதி வைத்திருக்கிறான். அதில் குறை சொல்ல முடியாது. ஆனால் தெய்வமாக்கிவிட்டால் என்ன நேரும் தெரியுமா? யுத்தக் குற்றவாளிகள் என்று தீர்ப்பான தலைவர்கள் 14 பேரை 1978இல் அதே வரிசையில் சேர்த்துவிட்டார்கள். பலவந்தமாகப் பிடித்துச் சென்ற கொரியாக்காரர்களும் அங்கே தெய்வங்கள். அவர்கள் குடும்பத்தார் "எங்கள் ஆளை உங்கள் தெய்வக் கணக்கிலிருந்து எடுத்துவிடுங்கள்" என்று கோர்ட்டுக்குப் போனார்கள். ஒரு தடவை சேர்த்த தெய்வத்தைப் பிரிக்க முடியாது என்று கோயில்காரர் சொல்லிவிட்டார்கள்! மனுஷனாக இருந்தபோது துப்பாக்கியைக் கையில் திணித்தான். செத்த பிறகு தெய்வப் பதவியைத் தலையில் திணித்தான்.

அமெரிக்காவில், வாஷிங்டனில், வியட்நாம் யுத்தத்தில் செத்த 58,000க்கு மேற்பட்டவர்களின் பெயரைக் கறுப்புக் கல் சுவரில் வெட்டி 1982இல் திறந்தார்கள். நக்ஷா போட்டது மாயா லின் என்ற 21 வயது மாணவி; சீன வம்சத்துப் பெண். சிலுவை இல்லை, சாமி இல்லை, தளபதி சிலை நடுவில் இல்லை. பதவி வரிசையும் இல்லை. செத்த தேதி வரிசைதான். தாய் தகப்பன்மார் வந்து மகன் பெயரின் மேல் காகிதத்தை வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுத்துக்கொண்டு போகிறார்கள். அந்த யுத்தத்தில் செத்த வியட்நாம்காரர்கள் பல லட்சம் பேர். அவர்களில் ஒருவன் பெயரும் அந்தச் சுவரில் கிடையாது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

நம் டில்லியிலும் 2019இல் ஒரு யுத்த ஞாபகச் சின்னம் திறந்திருக்கிறார்கள். சுதந்திரத்துக்குப் பின் செத்த 25,000க்கு மேற்பட்ட சிப்பாய்களின் பெயர் அதில் வெட்டியிருக்கிறது.

பெயர் வெட்டியதால் என்ன ஆகிவிடும் என்று கேட்பீர்கள். புனாவுக்குப் பக்கத்தில் கோரேகாவ் என்ற ஊரில் ஒரு தூண் இருக்கிறது. 1818 ஜனவரி 1ஆம் தேதி கம்பெனிப் பட்டாளத்துக்கும் பேஷ்வா சேனைக்கும் நடந்த சண்டைக்காகக் கம்பெனிக்காரன் தன் பெருமைக்கு நட்டது. செத்தவர்களின் பெயரையும் எழுதினான். அதில் 22 பேர் மகார் ஜாதியார். பெயரின் கடைசியில் "நாக்" என்று வருவதால் தெரிகிறது. தெருவில் நடக்கக் கூடாது என்று ஒதுக்கப்பட்ட ஜாதி! பிறகு அதே வெள்ளைக்காரன் 1890களில் மகார்களைப் பட்டாளத்தில் சேர்ப்பதையே நிறுத்திவிட்டான். ஆனால் கல்லில் வெட்டின பெயரை நிறுத்த முடியவில்லை. 1927 ஜனவரி 1ஆம் தேதி டாக்டர் அம்பேத்கர் அங்கே போய் நின்றார். இன்றைக்கும் அந்தத் தேதியில் லட்சக்கணக்கான ஜனங்கள் போகிறார்கள். வெறும் எண்ணிக்கையாக எழுதியிருந்தால் யார் போயிருப்பார்கள்?

உங்கள் ஊர்ப்பக்கம் இப்படிக் கல் ஏதாவது இருந்தால் ஒரு காரியம் செய்யுங்கள். சாமியைப் பிடுங்கி எறியச் சொல்லவில்லை. கல்லை உடைத்தால் பெயரும் சேர்ந்து உடையும். உளியும் கத்தியும் வைத்துச் சுரண்டவும் வேண்டாம். தண்ணீரும் துணியும் போதும். எழுத்து தெரிந்தால் காகிதத்தில் பார்த்து எழுதி, நாமக்கல்லிலோ சேலத்திலோ உள்ள தொல்பொருள் சம்பந்தப்பட்டவர்களிடம் காட்டுங்கள். வீட்டுக் கிழவர்களிடம், பட்டாளத்துக்குப் போய் வராமற்போனவர் யாராவது உண்டா, பெயர் என்ன என்று இந்த வாரமே கேட்டு எழுதி வையுங்கள். நான் கேட்கத் தாமதித்தேன்.

ஒரு தோழர் சீட்டு அனுப்பியிருக்கிறார்: "ஓரி சிலைக்கு மாலை போடுகிறோமே, அது பூசை இல்லையா?" என்று. நல்ல கேள்வி. மாலை போடுங்கள். மாலை போட்டவன் யாருக்குப் போட்டேன், அவனைக் கொன்றவன் யார், எதற்காகக் கொன்றான் என்று பக்கத்திலிருக்கும் பையனுக்குச் சொல்லக்கூடுமானால் அது பூசை அல்ல. தேங்காயை உடைத்து "ஓரியப்பா, மழை கொடு" என்று எவனாவது ஆரம்பிப்பானானால், அன்றைக்கு எனக்கு ஒரு கடிதம் போடுங்கள். நான் மறுபடியும் எழுபது வளைவும் ஏறி வருகிறேன். (சிரிப்பு, கைதட்டல்)

அடிவாரத்துக்குப் போகிற கடைசிப் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. நிறுத்திக்கொள்ளுகிறேன்.