பள்ளிக்கூடத்துச் சேதி



திண்டிவனத்திலிருந்து திருவண்ணாமலைக்குப் பேருந்தில் போகிறவர்கள் செஞ்சியைத் தாண்டியதும் இரண்டு பக்கமும் எட்டிப் பார்ப்பார்கள். ஒருபுறம் ராஜகிரி, மறுபுறம் கிருஷ்ணகிரி, சற்றுத் தள்ளிச் சந்திராயன் துர்க்கம். 2025 ஜூலை 11-ஆம் தேதி யுனெஸ்கோ இந்தக் குன்றுகளின் மேல் நிற்கும் செஞ்சிக் கோட்டையை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. பட்டியலில் ஏறிய மராத்தியர் காலக் கோட்டைகள் 12. தமிழ்நாட்டில் இருப்பது செஞ்சி ஒன்றுதான். பாரிசில் நடந்த கூட்டத்தின் முடிவு அன்றைக்கே நம் டீக்கடை வரைக்கும் வந்துவிட்டது. ஆனால் பக்கத்துத் தொடக்கப் பள்ளியில் வெள்ளிக்கிழமை பெற்றோர் கூட்டம் என்பது நாலு தெரு தள்ளி இருக்கிற வீட்டுக்குப் பல மாதங்கள் தெரியாமலே போகிறது. இன்று அதைப் பற்றித்தான் உங்களோடு பேச வந்திருக்கிறேன்.

ஒரு தொடக்கப் பள்ளியிலிருந்து வீட்டுக்கு என்னென்ன சேதி வர வேண்டியிருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். நாளைக்கு மழை விடுமுறையா, இல்லையா? சீருடை எப்போது வரும்? ஆதார் எண்ணில் பிழை இருக்கிறதா? பிள்ளைக்கு எழுத்துக் கூட்டி வாசிக்க வருகிறதா? காலை உணவை முழுசாகச் சாப்பிடுகிறதா, தட்டில் மீதி வைக்கிறதா? இவற்றில் வீடு உண்மையில் கேட்க ஏங்குவது கடைசி இரண்டையும்தான். வந்து சேருவதோ பெரும்பாலும் ஆதார் பற்றிய சேதி. பள்ளியிலிருந்து ஆள் வந்தாலே ஏதோ காகிதம் கேட்கத்தான் வருகிறார்கள் என்று ஒரு தாய்க்குப் பழகிவிட்டால், அதற்குப் பிறகு எந்தச் சேதிக்கும் அவர் காது கொடுப்பதில்லை. அதற்கு அவரைக் குறை சொல்லி என்ன பயன்?

இப்போது வகுப்புக்கு வகுப்பு வாட்ஸ்அப் குழு வந்துவிட்டது. டீச்சர் அனுப்பிவிடுகிறார், தன் வேலை முடிந்தது என்று நினைக்கிறார். அந்த எண் யாருடையது? பிள்ளையைச் சேர்க்கும்போது அப்பா எண்ணைக் கொடுத்திருப்பார்கள். அப்பா கட்டட வேலைக்குச் சென்னையிலோ பெங்களூரிலோ இருக்கிறார். சாரத்தின் மேல் நிற்கும்போது போன் அதிர்கிறது. ராத்திரி பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுகிறார். வீட்டில் அம்மாவிடம் இருப்பது பட்டன் போன். பாட்டியிடம் வளருகிற பிள்ளைக்கு அதுவும் கிடையாது. ஆக, முப்பது பேர் இருக்கிற குழுவில் போட்ட சேதி எத்தனை வீட்டுக்குப் போனது என்பதைப் போனைப் பார்த்துச் சொல்ல முடியாது. மறுநாள் யார் வந்தார்கள் என்பதைப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

எழுதுகிற விதமும் ஒரு தடை. "மேற்படி கூட்டத்தில் பெற்றோர்கள் அனைவரும் தவறாது கலந்துகொள்ளுமாறு இதன் மூலம் கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்" என்று ஒரு சீட்டு பையில் வருகிறது. நான்காம் வகுப்புப் பெண் அதைத் திக்கித் திக்கி வாசிக்கிறாள். கடலை பிடுங்கிவிட்டு வந்து, கை கால் கழுவிக்கொண்டு உட்கார்ந்த அம்மா, "என்னடி சொல்லுது அது?" என்கிறார். மகளுக்கும் தெரியவில்லை. அந்தச் சீட்டு அலமாரியின் மேல் போகிறது. இதையே அந்த டீச்சர் தன் குரலில் அரை நிமிடம் பதிவு செய்து அனுப்பினால் எப்படி இருக்கும்? "அம்மா, வெள்ளிக்கிழமை மூணு மணிக்கு வாங்க. அரை மணி நேரத்துல முடிச்சிடலாம். உங்க பொண்ணு எழுதின நோட்டை நீங்களே பார்க்கலாம்." படிக்கத் தெரியாதவருக்கும் இது போய்ச் சேரும். பட்டன் போன் வைத்திருக்கிற அம்மாவுக்குப் பக்கத்து வீட்டுப் பெண் தன் போனில் போட்டுக் காட்டிவிடுவார். வானொலியில் பேசுகிறவன் என்பதால் மட்டும் இதைச் சொல்லவில்லை. பேச்சில் ஒருவருடைய அக்கறையும் சேர்ந்து வருகிறது. அச்சடித்த சீட்டில் அது வருவதில்லை.

குடற்புழு நீக்க மாத்திரையை எடுத்துக்கொள்ளுங்கள். ஆண்டுக்கு இரண்டு முறை, பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும், 1 வயது முதல் 19 வயது வரை உள்ள பிள்ளைகளுக்கு அல்பெண்டசோல் மாத்திரை கொடுக்கிறார்கள். பள்ளி வயதுப் பிள்ளைக்கு 400 மில்லிகிராம். நன்றாக மென்று தண்ணீரோடு விழுங்க வேண்டும். வயிற்றில் புழு அதிகமாக இருக்கிற சில பிள்ளைகளுக்கு மாத்திரை போட்டதும் கொஞ்சம் வயிற்றுவலி, குமட்டல் வரலாம். பெரும்பாலும் தானாகவே சரியாகிவிடும். அன்றைக்குக் காய்ச்சல் இருந்தால் கொடுக்க மாட்டார்கள். தேறியபின் இன்னொரு நாள் கொடுப்பார்கள். இவ்வளவுதான் விஷயம். இதை முந்தைய நாளே வீட்டில் சொல்லிவிட்டால் யாருக்கும் பதற்றம் இல்லை. சொல்லாமல் விட்டால், சாயங்காலம் ஒரு பிள்ளை வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்த உடனே, "ஸ்கூல்ல ஏதோ மாத்திரை கொடுத்துட்டாங்களாம்" என்று தெரு முழுக்கப் பரவிவிடும். அடுத்த முறை பாதிப் பிள்ளைகள் பள்ளிக்கே வர மாட்டார்கள். புழு இரத்தத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். பிள்ளை சோர்ந்து, வகுப்பில் தூங்கி விழும். ஒரே ஒரு நாள் முன்னதாக நாலு வார்த்தை சொல்லாததன் விலை அது.

'எண்ணும் எழுத்தும்' திட்டமும் அப்படித்தான். 2022 ஜூனில் ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரை தொடங்கி, அடுத்த ஆண்டு நான்கு, ஐந்துக்கும் வந்தது. பிள்ளைகளை அவரவர் கற்ற அளவுக்கு ஏற்ப அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்துக் கற்றுக்கொடுக்கிறார்கள். பெயர்கள் அழகாகத்தான் இருக்கின்றன. ஆனால் மார்க்கு எத்தனை, எத்தனையாவது ரேங்க் என்று கேட்டே பழகிய அப்பாவிடம் "உங்க பையன் இன்னும் அரும்புதான்" என்றால் அவர் என்ன புரிந்துகொள்வார்? பையன் எழுத்தை அறிகிறான், இரண்டு எழுத்துச் சொல்லை வாசிக்கிறான், பத்தியாகக் கொடுத்தால் தடுமாறுகிறான் என்று நோட்டைத் திறந்து வைத்துக் காட்ட வேண்டும். ராத்திரி பத்து நிமிடம் அவனை மளிகைச் சீட்டையோ பேருந்துப் பலகையையோ வாசிக்கச் சொல்லுங்கள் என்று வழியும் சொல்ல வேண்டும். அப்போதுதான் வீடும் கூட நிற்கும்.

வீடு பள்ளியோடு கூட நிற்கச் சட்டமும் இடம் கொடுத்திருக்கிறது. 2009-இல் இயற்றப்பட்டு 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டம், அரசுப் பள்ளி ஒவ்வொன்றிலும் பள்ளி மேலாண்மைக் குழு இருக்க வேண்டும் என்கிறது. உறுப்பினரில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர்; மொத்தத்தில் பாதிப் பேர் பெண்கள். பல ஆண்டுகள் பல இடங்களில் இது காகிதத்தில் மட்டுமே இருந்தது; பதிவேட்டை வீட்டுக்கே கொண்டுபோய்க் கையெழுத்து வாங்கினார்கள். 2022 மார்ச் 20-ஆம் தேதி, ஒரு ஞாயிற்றுக்கிழமை, தமிழ்நாடு முழுக்க அரசுப் பள்ளிகளில் பெற்றோரைக் கூட்டி, அதன்பின் குழுக்களைப் புதிதாக அமைத்தார்கள். 2024-இல் மறுபடியும் அமைத்தபோது முன்னாள் மாணவர்களுக்கும் இடம் கொடுத்தார்கள். மாதக் கூட்டம் நடக்கிறது. கூரை ஒழுகுகிறது, கழிப்பறைக்குத் தண்ணீர் வரவில்லை, மதில் இடிந்து கிடக்கிறது என்று தீர்மானம் போடலாம். சுற்றுக் கிராமங்களில் அதே தீர்மானத்தைக் கிராம சபையிலும் கொண்டுபோய் வைக்கலாம். செஞ்சி பேரூராட்சி, இங்கே கிராம சபை இல்லை. வார்டு கவுன்சிலரையும் பேரூராட்சி அலுவலகத்தையும்தான் பிடிக்க வேண்டும்.

இத்தனை உரிமை இருந்தும் கூட்டத்துக்கு ஏன் ஆள் வருவதில்லை? நேரத்தைப் பாருங்கள். பிற்பகல் மூன்று மணி என்றால் நடவுக்குப் போனவர் கரையேறியிருக்க மாட்டார். நூறு நாள் வேலைக்குப் போனவர் பாதியில் எழுந்து வந்தால் அன்றைய வருகைக்கே சிக்கல். அமாவாசை நாளாக இருந்துவிட்டால் மேல்மலையனூர் அங்காளம்மன் கோயிலுக்குப் போகிற கூட்டத்தில் பேருந்தில் கால் வைக்க இடம் இருக்காது. இந்த ஊரைத் தெரிந்த எவருக்கும் இது தெரியும். நாள் குறிப்பதற்கு முன் இரண்டு அம்மாக்களிடம் கேட்டிருந்தால் போதும்.

வீடு பள்ளிக்கு வர முடியாதபோது பள்ளி தெருவுக்குப் போன கதையும் நம் விழுப்புரம் மாவட்டத்தில்தான் இருக்கிறது. கொரோனாவால் பள்ளிகள் மூடிக் கிடந்து, பிள்ளைகள் எழுத்தை மறந்து போயிருந்த சமயம். 2021 அக்டோபர் 27-ஆம் தேதி மரக்காணம் பக்கத்தில் முதலியார்குப்பத்தில் 'இல்லம் தேடிக் கல்வி' தொடங்கி வைக்கப்பட்டது. சாயங்காலம் தெருத் திண்ணையிலும் கோயில் மண்டபத்திலும் பிள்ளைகளைக் கூட்டி வைத்துச் சொல்லிக்கொடுத்த தன்னார்வலர்களில் பெரும்பாலோர் அந்தந்த ஊர்ப் பெண்கள். அவர்கள் கற்றுக்கொடுத்த பாடத்தை எல்லோரும் பேசினார்கள். அவர்கள் செய்த இன்னொரு வேலை அவ்வளவாகப் பேசப்படவில்லை. எந்தப் பிள்ளை வேலைக்குப் போகிறது, எந்த வீட்டில் அப்பா படுத்த படுக்கை, யாருக்குக் கண் சரியாகத் தெரியவில்லை என்று தெருவின் சேதியைப் பள்ளிக்குக் கொண்டுபோனவர்கள் அவர்கள். பள்ளியிலிருந்து வீட்டுக்கு வருவது பாதிதான். வீட்டிலிருந்து பள்ளிக்குப் போக வேண்டிய மீதிப் பாதி பெரும்பாலும் போவதே இல்லை.

வீட்டுக்கும் பள்ளிக்கும் இடையே சேதி போய்வருகிற இந்த விஷயத்தில் அயர்லாந்து என்ன செய்கிறது என்று பார்க்கலாம். 1937-இல் எழுதிய அவர்களுடைய அரசியல் சட்டமே, பிள்ளைக்கு முதல் ஆசான் குடும்பம்தான் என்கிறது. 1998 கல்விச் சட்டம் பெற்றோர் சங்கம் அமைக்கிற உரிமையைப் பெற்றோருக்குக் கொடுத்திருக்கிறது. அங்கே பல தொடக்கப் பள்ளிகள் வீடுகளுக்கு அடிக்கடி ஒரு செய்தி மடல் அனுப்புகின்றன. எந்த வகுப்பு எங்கே போய் வந்தது, அடுத்த வாரம் எந்த நாள் பள்ளி இல்லை, யார் ஓட்டப் பந்தயத்தில் வென்றார்கள், எல்லாம் அதில் இருக்கும். 2025 ஜனவரி 24-ஆம் தேதி ஏயோவின் என்ற புயல் அடித்தபோது, அந்த நாடு முழுவதும் பள்ளிகளை மூடினார்கள். அதற்கு இரண்டு மாதம் முன்னால் நமக்கு ஃபெஞ்சல் புயல். 2024 நவம்பர் 30 இரவு அது கரையைக் கடந்தபோது, நம் மயிலத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 50 சென்டிமீட்டர் மழை. விழுப்புரம் மாவட்டத்தில் பல நாள் பள்ளி இல்லை. வெள்ளம் பாதித்த பள்ளிகளுக்கு அரையாண்டுத் தேர்வு ஜனவரிக்குத் தள்ளிப்போனது. மின்சாரம் போய், போன் அணைந்து கிடந்த வீடுகளுக்குப் பேட்டரி வானொலிதான் துணை. விடுமுறை என்பதைச் சொல்ல ஆட்சியர் இருக்கிறார். நனைந்துபோன புத்தகத்துக்கு என்ன வழி, பள்ளி திறந்ததும் பிள்ளை எதைக் கொண்டுவர வேண்டும் என்பதை அந்தந்தப் பள்ளிதான் சொல்ல முடியும்.

ஐந்தாம் வகுப்புப் பிள்ளை வைத்திருக்கிறவர்கள் இதைக் கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள். 2020-இல் வந்த சட்டப்படி, அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்தவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீதம் இடம் தனியே உண்டு. மறு ஆண்டே அது பொறியியல், வேளாண்மை, சட்டம் போன்ற படிப்புகளுக்கும் வந்தது. அப்படியே அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போகிற பெண்ணுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய். பையனுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் அதே 1,000 ரூபாய். இந்தச் சலுகைகளுக்கெல்லாம் கணக்கு ஆறாம் வகுப்பிலிருந்து தொடங்குகிறது. ஐந்து முடிந்ததும் கடன் வாங்கித் தனியார் பள்ளியில் சேர்த்துவிட்டு, நாலு வருடம் கழித்துப் பணம் கட்ட முடியாமல் ஒன்பதாம் வகுப்பில் திரும்பி வருகிற குடும்பங்கள் உண்டு. அவர்களுக்கு இந்த வாய்ப்பு கைநழுவிப் போயிருக்கும். எங்கே சேர்ப்பது என்பது அவரவர் விருப்பம். ஆனால் தெரிந்து முடிவெடுக்க வேண்டும். பன்னிரண்டாம் வகுப்பில் இதைச் சொல்லிப் புண்ணியமில்லை. ஐந்தாம் வகுப்பு ஆண்டுத் தேர்வுக்கு முன்பே, ஒவ்வொரு வீட்டிலும், நேரில் சொல்ல வேண்டிய சேதி இது.

தலைமை ஆசிரியர்களுக்கு ஒரு வார்த்தை. சேர்க்கைப் படிவத்தில் இருக்கிற எண்ணை மட்டும் நம்பாதீர்கள். பிள்ளையைக் காலையில் பள்ளிக்கு அனுப்புவது யார் என்று கேட்டு, அவருடைய எண்ணையும், அவரிடம் போன் இல்லையென்றால் பக்கத்து வீட்டு எண்ணையும் எழுதி வையுங்கள். மாதத்துக்கு ஒரு முறையாவது எந்தக் காகிதமும் கேட்காமல், பிள்ளையைப் பற்றி நல்லதாக ஒரு சேதி அனுப்புங்கள்.

பெற்றோருக்கும் ஒன்று. இந்த மாதக் கூட்டத்துக்கு வீட்டிலிருந்து ஒருவர் போங்கள். அம்மா முடியாவிட்டால் பாட்டி போகட்டும். பதிவேட்டை நீட்டினால், அதில் எழுதியிருப்பதை முதலில் உரக்க வாசிக்கச் சொல்லுங்கள். போன மாதத் தீர்மானம் என்ன ஆனது என்று கேளுங்கள். பிள்ளை எந்த நிலையில் இருக்கிறது என்று நோட்டைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். அதன்பின் கையெழுத்துப் போடுங்கள்.